தட்டுக்குக் கீழே மலை

துரை வீட்டு மேசையில் வட்டம் விழுந்தால் எங்கள் காக்காவின் முதுகில் அடி விழும். சில வருசம் அப்படித்தான் போனது.

காக்கா என்றால் எங்களில் அண்ணன்; எனக்கு மூத்தவர். வேறு உடன்பிறப்பு இல்லை. வாப்பாவும் உம்மாவும் ஒரே பேதியில் போன பிறகு என்னை வளர்த்து, பத்தமடையிலேயே பாய் நெய்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவர் நெய்யவில்லை. சிறு வயதில் பனையிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. பாய்த்தறியில் தரையோடு தரையாகக் குந்த வேண்டும். அவரால் ஆகாது. நின்றுகொண்டே செய்கிற வேலை தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனார். ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர் ஆனார்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை தோதகத்தி மரம். மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரியும்படி வைத்திருப்பார்கள். துணி விரிக்கத் துரைசானி விடமாட்டாள். துரைக்கோ சாப்பாடு ஆறக் கூடாது. தட்டையே அடுப்பில் சுடவைத்துக் கொண்டுவரச் சொல்வார். சுட்ட தட்டு மெழுகில் இருந்தால் வெள்ளையாக வட்டம் விழும். வட்டத்தைப் பார்த்ததும் துரை குதிரைச் சவுக்கை எடுப்பார். தட்டைச் சுடச் சொன்னவரும் அவர்தான். சுட்டதற்கு அடிப்பவரும் அவர்தான்.

காக்கா எப்போதாவது லீவு கிடைத்தால் ரயிலில் சேரன்மகாதேவிக்கு வந்து, அங்கிருந்து காலை இழுத்துக்கொண்டு நடந்து வருவார். நான் சட்டையைக் கழற்றச் சொல்லி எண்ணெய் போடுவேன். பழைய தழும்பின் மேல் புதுத் தழும்பு கிடக்கும். ஒரு தடவை முன்பல் ஒன்றைக் காணோம்.

“பல்லு எங்க காக்கா?”

“துரை கேட்டாக. குடுத்துட்டேன்.”

அப்படித்தான் பேசுவார்.

ஒரு ஐப்பசியில் வந்தவர் மடியிலிருந்து மூன்று படங்களை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். இரண்டு அச்சடித்த அட்டை. ஒன்று துரைசானி தன் கையால் வரைந்தது. தட்டுக்குக் கீழே போட ஆறு சின்னப் பாய் வேண்டுமாம். பாயில் இந்தப் படங்கள் தெரிய வேண்டுமாம். தையில் பெரிய துரை ஒருவர் விருந்துக்கு வருகிறாராம், அதற்குள் வேண்டுமாம்.

வீட்டுக்காரர் சிரித்தார். “தட்டுக்குப் பாயா? தட்டு என்ன மச்சான், தின்னுட்டு ஒறங்கப் போவுதா?”

“சிரியும் வே, சிரியும். பாய் வந்தா மேசையில வட்டம் விழாது. இன்னொரு வட்டம் விழுந்துச்சுன்னா நல்ல காலையும் ஒடிச்சிருவேன்னு சொல்லியிருக்கான். ஒடிக்கிறவன்தான் அவன். குதிரைக்காரன் கையை ஒடிச்சதை நான் நின்னு பாத்தேன்.”

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முதல் அட்டையில் ஒரு ஏரி. பின்னால் மலை. அதே மலை தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியது. இரண்டாவதில் தலை வெளுத்த மலை, கீழே ஏரி, ஏரியில் ஒரு படகு. அந்த வெள்ளை பனிக்கட்டி என்றார் காக்கா. இரண்டும் துரைசானி பிறந்த ஊர்ப் பக்கம். மூன்றாவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாவநாசத்து மலை. அருவி விழுகிற இடம்.

“இந்த மலை எதுக்குத் தலைகீழா நிக்கி?” என்றார் வீட்டுக்காரர்.

“தண்ணிக்குள்ள நிழலு.”

“தண்ணி அவ்வளவு நேரம் ஆடாம நிக்குமாக்கும்?”

“அவுக ஊர்ல நிக்குமாம்.”

படகில் இரண்டு ஆள் இருந்தார்கள். வீட்டுக்காரர் கட்டை விரலால் அவர்களை மறைத்துப் பார்த்தார். “ஆள் வேண்டாம். உசுருள்ளதைப் பாயில போடப்படாது. படகு மட்டும் போவட்டும்.”

“ஆள் இல்லாம படகு எப்படிவே போவும்?”

“அது துரைசானி பாடு.”

சாதாரணப் பாய்க்குப் போடும் கோரையில் ஒன்று நெய்து பார்த்தோம். அந்தக் கோரை தடிமன். நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில், கோரையைக் குறுக்கே ஒவ்வொன்றாகச் செலுத்தி அடித்து நெருக்கிக்கொண்டே போவோம். வளைவு என்பது பாயில் கிடையாது. எல்லாம் படிதான். தடிக் கோரையில் படியும் தடியாக வந்தது. மலை என்று சொன்னால்தான் மலை. இல்லாவிட்டால் கிணற்றுப் படி. காக்கா அதை எடுத்துக்கொண்டு போய், அடுத்த தடவை வெறுங்கையோடு வந்தார்.

“துரைசானி சிரிச்சாக. துரை அதை நாய்க்குப் போட்டுட்டான். மலை உருண்டையா வரணுமாம்.”

மலை உருண்டையாக வர வேண்டும் என்றால் மெல்லிய கோரை வேண்டும். ஒரு கோரையைக் கத்தியால் மூன்று நான்காகக் கிழித்து, கட்டுக் கட்டி, மேலே கல்லை வைத்து ஓடுகிற ஆற்றில் ஊறப்போட வேண்டும். ஊதி வந்ததும் எடுத்து உலர்த்தி, திரும்பவும் கிழிக்க வேண்டும். அப்போது கார்த்திகை. தாமிரபரணி கரைக்குக் கரை ஓடியது. கட்டைப் போட்டால் கட்டும் போகும், போட்டவனும் போவான். வெள்ளம் வடியத் தை ஆகும்.

ஊறவைத்து உலர்த்திய மெல்லிய கோரை எங்கள் வீட்டில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது தறியில் ஏறியிருந்த ஒரு பாய்க்கு என்று எடுத்து வைத்தது; அதற்கேற்ற நெருக்கமான பாவும் அந்த ஒரு தறியில்தான் இருந்தது. அது ஒரு கலியாணப் பாய்.

வண்டிக்காரர் ஒருவர் தன் தங்கச்சிக்காகச் சொல்லியிருந்தார். அவர் எங்கள் தெருதான். வாரம் ஒரு தரம் ஊர்ப் பாய்களைக் கட்டி மாட்டுவண்டியில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிறவர். முரட்டு மனுசன். மாட்டை மட்டும் அடிக்க மாட்டார். மற்ற எல்லோரையும் அடித்திருக்கிறார். மாப்பிள்ளை குலசேகரன்பட்டினத்துக்காரர். கலியாணம் மாசியில்.

கலியாணப் பாயில் ஒரு தலைப்பில் பெண் பெயரும் மறு தலைப்பில் மாப்பிள்ளை பெயரும் ஏறும். பெண் பெயரில் தொடங்கி மாப்பிள்ளை பெயரில் முடிப்போம். எனக்குத் தமிழ் எழுத்து வந்ததே அப்படிப் பெயர் நெய்து நெய்துதான். இரண்டு பெயரும் ஏறும் முன் பாவு நூலை அறுக்கக் கூடாது. அறுத்தால் பெயர் ஏறிய பெண் தனியாக நிற்பாள் என்பார்கள். பாத்திகா ஓதித்தான் பாவு போடுவோம். வீட்டில் ஒரு சாவு, மையித்து என்றால்கூடத் தறியை அப்படியே துணி போட்டு மூடி வைப்போமே தவிர அறுக்க மாட்டோம்.

பெண் பெயர் ஏறிவிட்டது. பாதிப் பாய்கூட ஆகவில்லை.

காக்கா தறி முன்னால் நின்றுகொண்டே இருந்தார். “மாப்ள, மிச்சப் பாவுல ஆறும் அடங்கிரும்.”

“பேசாதீரு மச்சான்.”

“வண்டிக்காரருக்குத் தையில புதுசா நெய்து குடும். மாசிக்குள்ள முடிஞ்சிரும்.”

“பேசாதீருன்னு சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் பள்ளிக்குத் தொழப் போனார். காக்கா கால் வலி என்று வீட்டிலேயே இருந்தார். நான் பின்கட்டில் அவுரிச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இழுத்துக் கட்டிய பாவு அறுபடும்போது ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு நூலும் தனித்தனியாகச் சுண்டும். அந்தச் சத்தம் கேட்டது. ஓடினேன். கோரை கிழிக்கிற கத்தியோடு காக்கா நின்றார். பெண் பெயர் போட்ட துண்டு தரையில் சுருண்டு கிடந்தது.

“என்ன காரியம் செஞ்சிய காக்கா?”

“எனக்கு இருக்கிறது ஒரு காலுதான்ளா” என்றார்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கத்தியைப் பிடுங்கித் தூர எறிந்தார். பிறகு அடித்தார். கன்னத்தில், நெஞ்சில், விழுந்த பிறகு விலாவில். காக்கா கையைத் தூக்கவே இல்லை. அடி வாங்கிப் பழகிய உடம்பு; அடி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தது. வீட்டுக்காரர் மூச்சு வாங்கி நின்றார். காக்கா வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முடிஞ்சுதா? சாயம் ஆறுதுக்குள்ள கோரையை நனைங்க.”

அறுத்தது அறுத்ததுதான். நெய்தோம். ஏரிக்கு அவுரி நீலம். மலைக்குக் கடுக்காய்க் கறுப்பு. பனிக்கட்டிக்குச் சாயம் போடாத வெள்ளைக் கோரை. வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மெல்லிய கோரையில் படி தெரியவில்லை. மலை உருண்டு வந்தது. ஏரிக்குள் தொங்குகிற மலையும் வந்தது. ஆள் இல்லாத படகு வந்தது. வெற்றிலை மாதிரி மெல்லிசு. மடித்தால் மடிப்பு விழாது. அதுபோல ஒன்று அதற்கு முன்னும் பின்னும் நான் நெய்ததில்லை. வீட்டுக்காரருக்கும் கோபம் போய்விட்டது. முதல் பாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “துரைசானி அழுதுருவா” என்றார்.

துண்டைச் சுருட்டிப் பரணில் வைத்திருந்தோம். தையில் வேறு கோரை ஊறவைத்து முதலிலிருந்து நெய்துவிடலாம், வெளியே தெரிய வேண்டாம் என்று இருந்தோம். ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. பாவு அறுபடும் சத்தம் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து பாய் முடிந்திருந்தது. காக்கா பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். காலை நேரம். வண்டிக்காரர் வந்தார். கையில் முளைக்குச்சி. வண்டியின் ஓரத்தில் பாரம் சரியாமல் செருகுவார்களே, அந்தக் கம்பு. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. சும்மா திட்ட வந்தவர் என்றால் செருப்போடு வந்திருப்பார்.

“என் தங்கச்சி பேரு எங்க?”

வீட்டுக்காரர் எழுந்தார். “கொஞ்சம் சொல்லுததைக் கேளுங்க. புதுசா...”

“பேரு எங்கலே?”

நான் பரணிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். துண்டைத் திண்டு போலச் சுருட்டி இடுக்கிக்கொண்டார். பிறகு முளைக்குச்சியைச் சுற்றினார்.

முதல் அடி தோளில். இரண்டாவது விலாவில். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வீட்டுக்காரர் தறி மேல் விழுந்தார். நான் குறுக்கே போய் வண்டிக்காரர் கையைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை விடவில்லை. “தள்ளுளா, பொம்பளையை அடிக்க வைக்காத” என்று உதறினார். நான் சுவரில் போய் மோதினேன். இன்னும் இரண்டு அடி விழுந்தது. தெருவே எங்கள் வாசலில் நின்று பார்த்தது. யாரும் உள்ளே வரவில்லை.

“தறி ஒன்னுது. அதுக்கு இது போதும். கத்தி பிடிச்சவன் நொண்டிப் பயல்லா? அவனுக்கு உள்ளது பாளையங்கோட்டையில இருக்கு. இந்த விசயம் குலசேகரன்பட்டினத்துக்குப் போய், என் தங்கச்சி கலியாணம் நின்னுச்சுன்னா, அவன் நொண்டக்கூட மாட்டான்.”

நேரே ஆற்றுக்குப் போனார். தங்கச்சி பெயர் போட்ட துண்டை வெள்ளத்தில் விட்டார். சுருண்டு கிடந்தது தண்ணீரில் விரிந்து போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆறாவது பாயை நான் தனியாக நெய்தேன். பாவநாசத்து அருவி. வீட்டுக்காரர் விலாவில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் கிடந்தார். இருமினால் பல்லைக் கடிப்பார். “வெள்ளைக் கோரையை ஒண்ணு விட்டு ஒண்ணு வை. அருவி விழுத மாதிரி இருக்கும்” என்றார். வைத்தேன்.

துரைசானி நெய்த ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறாள், பாயோடு வரச் சொல்கிறாள் என்று காக்கா சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்காரரால் எழ முடியாது. நான்தான் போக வேண்டும். ரயிலில் தனியாகப் போகிற பழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. கூண்டு கட்டிய வண்டி ஊரில் வண்டிக்காரருடையது ஒன்றுதான்.

போய்க் கேட்டேன். நான் கடித்த கையில் கட்டுப் போட்டிருந்தார்.

“ஏறு. நானும் அங்கனதான் போறேன். ஒங்காக்காவைப் பாக்க.”

என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஏறாமல் இருந்தாலும் அவர் போவார். நான் கூட இருந்தால் காலில் விழவாவது செய்யலாம். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறினேன். முளைக்குச்சி என் கால்மாட்டிலேயே கிடந்தது.

விடியும் முன் கிளம்பினோம். வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார்.

“காட்டுளா அதை.”

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அருவிப் பாயில் நின்றார். “இது பாவநாசம்லா?”

“ஆமா.”

“நான் எத்தனை நடை அங்கன வண்டி ஓட்டியிருக்கேன். இப்படி இருக்கும்னு பாக்கலையே.” கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மடிக்காமல் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். “இதுக்குப் போயி என் தங்கச்சி பேரை அறுத்தான்.”

மத்தியானம் தாண்டிப் பங்களாவின் பின்வாசலில் இறங்கினோம். காக்கா வெள்ளை உடுப்போடு வெளியே வந்தார். வண்டிக்காரரையும் முளைக்குச்சியையும் பார்த்தார்.

“இன்னைக்கு விருந்து” என்றார். “மூஞ்சி வீங்கிப் போயி மேசைக்கு நிக்க முடியாது. நாளைக்குக் காலையில அடியும். நான் எங்கயும் ஓட மாட்டேன்.” முழங்காலைத் தட்டிக் காட்டினார். “ஓடவும் முடியாது.”

வண்டிக்காரர் யோசித்தார். “எத்தனை மணிக்கு?”

“மேசை தொடைச்சு முடிச்சதும் வாரேன்.”

“சரி.”

முளைக்குச்சியை வண்டியில் செருகிவிட்டு மாட்டை அவிழ்த்தார்.

துரைசானி வந்து பாய்களை வாங்கினாள். ஏரிப் பாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என்னமோ சொன்னாள். “சில்லுன்னு இருக்காம்” என்றார் காக்கா. என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. விருந்தும் நல்லபடி நடந்தது. அடுப்பங்கரைக்கும் மேசைக்கும் நடையாய் நடந்த காக்கா, ஒவ்வொரு தடவை வரும்போதும் என்னிடம் ஒன்று சொன்னார். “பெரிய துரை பாயைத் தூக்கிப் பாத்தான்.” “நம்ம மலை எதுன்னு கேட்டான்.” “துரை சிரிக்கான்ளா, சிரிக்கான்.” அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

காலையில் மேசையைத் துடைக்கப் பாய்களை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வட்டம். எப்போதும் விழுவதைவிட வெள்ளையாக, பாயின் வரி வரியோடு.

மெல்லிய பாய்க்குச் சூடு தாங்காது. வெயில் காலத்தில் வெறும் உடம்போடு படுக்க, குளிர்ச்சிக்கென்று செய்வது அது. நாய்க்குப் போட்ட அந்தத் தடிப்பாய் என்றால் சூட்டை நிறுத்தியிருக்கும். பாய் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு உசத்தி என்றே நினைத்துப் பழகியவர்கள் நாங்கள். எனக்கும் தோன்றவில்லை, வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, தறி வீட்டில் பிறந்த காக்காவுக்கும் தோன்றவில்லை.

காக்கா பின்வாசலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. “வட்டம் விழுந்துட்டு” என்றார். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டி, கம்பை உருவி வைத்துக்கொண்டு நின்றார். காக்கா அவரைப் பார்த்து, “கொஞ்சம் பொறும். மொதல்ல அவன் வருவான்” என்றார்.

துரை வந்தார். ராத்திரி குடித்த கண். சவுக்கு முதலில் காக்காவின் முகத்தில் விழுந்தது. பிறகு கழுத்தில். காக்கா விழுந்தார். துரை பூட்ஸ் காலால் நல்ல முழங்காலில் மிதித்தார். ஒரு தடவை. குறி வைத்து இன்னொரு தடவை. காக்கா உருண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். நான் கூண்டுக்குள் இருந்தேன். கத்தினேன். துரை சுற்றி வந்து சவுக்கை ஓங்கி வீசினார். அது காக்காவின் மேல் விழவில்லை. இடது மாட்டின் முகத்தில், கண்ணோடு சேர்ந்து விழுந்தது.

மாடு அலறியது. மாடு அப்படி அலறி நான் கேட்டதில்லை. வண்டி குலுங்கியது.

வண்டிக்காரர் அதுவரை அசையவில்லை. தன் முறைக்குக் காத்திருந்தவர் அவர். மாட்டின் கண்ணிலிருந்து ரத்தம் வழிந்ததைப் பார்த்தார். துரைக்குப் பின்னால் போனார். முளைக்குச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே அடி. தோளுக்கும் தலைக்கும் நடுவில். துரை முகம் குப்புற விழுந்தார். யார் அடித்தது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு அடிக்குக் கம்பு மேலே போனது. காக்கா தவழ்ந்து வந்து அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“செத்துருவான். விடும்.”

“என் மாட்டுக் கண்ணை...”

“விடும்ங்கேன். கம்பை இங்க குடும்.”

வண்டிக்காரர் விட்டுவிட்டார். காக்கா கம்பை ஊன்றி எழுந்து நின்றார். தோட்டக்காரன் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். துரைசானி தாழ்வாரத்தில் நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தான்.

“நீர் கெளம்பும்” என்றார் காக்கா. “உம்மைப் பிடிச்சுட்டுப் போனா தங்கச்சி கலியாணம் என்னாவும்? போம்.”

“ஏலே நொண்டி, கொன்னு போடுவான்லே.”

“எப்படியும் என்னையத்தானே அடிக்கப் போறான். போம்னு சொல்லுதேன்லா. எந் தங்கச்சியைக் கொண்டு வீட்ல விடும்.”

பிறகு தாழ்வாரத்தைப் பார்த்துத் தன் நெஞ்சில் கையால் அடித்துக் காட்டினார். நான், நான் என்று. துரைசானி வாயைத் திறக்கவில்லை.

வண்டி பின்வாசலால் வெளியே போனது. ஊர் எல்லை தாண்டும் வரை வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு நிறுத்தினார். இறங்கி மாட்டின் கண்ணைத் தன் துண்டால் கட்டினார்.

“நான் திரும்பிப் போயிருதேன். நாந்தான்னு சொல்லிருதேன்.”

காக்காவின் நல்ல முழங்காலில் பூட்ஸ் இறங்கியதை நான் பார்த்திருந்தேன். இவர் போய்ச் சொன்னால் காக்காவை விட்டுவிடுவார்கள் என்றும் இல்லை. இரண்டு பேரும் உள்ளே போவார்கள். கலியாணம் நின்று அவர் தங்கச்சி வீட்டோடு கிடப்பாள். காக்கா அறுத்தது அறுத்ததாகவே நின்றுபோகும்.

“ஓட்டுங்க” என்றேன்.

ஓட்டினார்.

தையில் வெள்ளம் வடிந்தது. கோரை கிழித்து ஊறப்போட்டேன். கலியாணப் பாயை முதலிலிருந்து நான் ஒருத்தியே நெய்தேன். வீட்டுக்காரரால் குந்த முடியவில்லை; அதற்குப் பிறகு எப்போதுமே முடியவில்லை. பெண் பெயர் ஏறியது. மாப்பிள்ளை பெயர் ஏறியது. அதன் பிறகுதான் அறுத்தேன். மாசியில் கலியாணம் நடந்தது. வண்டிக்காரர் விருந்துச் சோற்றைச் சகன் தாம்பாளத்தில் வைத்துத் தானே தலையில் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாங்கி வைத்தேன். தெருப் பிள்ளைகள் தின்றன.

துரை சாகவில்லை. ஒரு கை சரியாகத் தூக்க வராமல் போனது என்று கேள்வி. கோர்ட்டில் துரைசானி தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னாளாம். காக்காவை ஜெயிலில் போட்டார்கள். அதற்கு முன்னால் போலீஸ் கொட்டடியில் வைத்து, கூட இருந்தது யார் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. ஆறு பாயும் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஜெயிலுக்குப் பார்க்கப் போன போதெல்லாம் வண்டிக்காரர்தான் ஓட்டிக்கொண்டு போனார். வாசலோடு நின்றுகொள்வார். உள்ளே வர மாட்டார். திரும்பி வரும்போது, “நடக்கானா?” என்று மட்டும் கேட்பார். “கம்பு வச்சு நடக்காக” என்பேன்.

விடுதலையான அன்று காக்கா இரண்டு கக்கத்திலும் கம்பு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கொட்டடி அடியில் போன இடது கண் மூடிக் கிடந்தது; நான் அதை வண்டிக்காரரிடம் சொன்னதே இல்லை. வண்டிக்காரர் அதைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏறும்” என்றார். அவர் காக்காவை மரியாதையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

காக்கா ஏறவில்லை. மாட்டின் பக்கம் போய் நின்றார். “இதுக்கு எப்படி இருக்கு?”

“ஒரு கண்ணு போச்சு.”

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“எனக்கும் அதேதான்” என்றார் காக்கா. இருந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “பேசாம என்னையும் பக்கத்துல பூட்டிரும் வே.”

வண்டிக்காரர் சிரிக்கவில்லை. காக்காவைப் பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். அவர் ஏறவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டின் குருட்டுப் பக்கமாகப் பத்தமடை வரை நடந்தே வந்தார்.